துல்லியம் முப்பத்தெட்டு

தாராபுரத்துக்கு முப்பத்தெட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான். பெயர் பூபதி, பொள்ளாச்சி ரோட்டில் ஒளிமதி ஸ்டுடியோ. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டுக்காரர்கள் என் கடைப் படி ஏறும்போதே, 'முப்பத்தெட்டுல போட்டுக் குடுத்துருங்க' என்று சொல்லிக்கொண்டுதான் ஏறுவார்கள். எதில் முப்பத்தெட்டு என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள்.

சொல்லித் தொலைக்கிறேன். ஒரு படத்தை எடுத்து முடித்து வெளியே அனுப்பப் போகும்போது திரையில் ஒரு பெட்டி திறக்கும். அளவு எவ்வளவு, துல்லியம் எவ்வளவு, விவர வரி வேண்டுமா வேண்டாமா என்று ஐந்தாறு கேள்விகள் இருக்கும். கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். இந்த ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கேள்விகளைப் பார்ப்பதே இல்லை. கத்தரிக்காய் வாங்கும்போது திருப்பிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கூடையில் போடுவார்கள். சொந்த முகத்தை உலகத்துக்கு அனுப்பும்போது மட்டும் நேராகச் 'சரி'க்குப் போய்விடுவார்கள். இருபத்தைந்து வருடமாக இதையே பார்த்து, ஜனங்கள் மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

துல்லியத்தை நூறில் வைத்தால் முகம் உள்ளது உள்ளபடி வரும். எழுபதில் தோல் கொஞ்சம் தெளியும். ஐம்பதில் அம்மைத் தழும்பு போகும். நாற்பதுக்குக் கீழே மச்சம், மங்கு, வெட்டுக்காயம் எல்லாம் போய்விடும். முப்பதுக்குக் கீழே இறங்கினால் ஆளே மாறிவிடும், அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே மூக்கு வந்துவிடும். முப்பத்தெட்டில் ஆள் அதே ஆள், குறை மட்டும் இருக்காது. நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

இதில் பெரிய வசதி என்னவென்றால், யாரும் பொய் சொன்னதாக ஆகாது. மச்சத்தைக் கையால் அழித்தால் 'திருத்திய படம்' என்று விவர வரியில் விழுந்துவிடும், மாப்பிள்ளை வீட்டார் பிடித்துக்கொள்வார்கள். துல்லியத்தைக் குறைத்தால் அது வெறும் சிக்கனம். 'நாங்க எதையும் எடிட் பண்ணலீங்க, சைஸ்தான் குறைச்சோம்' என்று கையை விரித்துவிடலாம். மச்சம் தானாகப் போனால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். மனசாட்சியைக்கூடச் சைஸ் குறைத்து வைத்திருக்கும் ஜனங்கள் இவர்கள்.

போன ஐப்பசியில் ஒரு காலை நேரம், கடையைத் திறந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். கலாமணியக்கா வந்தார். உடுமலை ரோட்டில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் வீடு. அறுபது வயதுக்கு மேலிருக்கும், வாட்டசாட்டமான ஆள், அதிர்ந்து பேச மாட்டார். ஐந்து நாளைக்கு முன்னால்தான் அவருடைய மருமகள் சங்கவி இறந்திருந்தாள். முப்பத்துமூன்று வயது. புற்றுநோய் என்று கேள்விப்பட்டிருந்தேன். பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் பெரிய படம் வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, வருத்தம் சொல்லிவிட்டு நாற்காலியைப் போட்டேன்.

அவர் உட்காராமல் போனை நீட்டினார். சங்கவி பச்சைச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல படம்தான் என்றேன்.

"இது எம்மருமவ இல்லீங்க தம்பி" என்றார்.

துக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படிப் பேசுவதுண்டு என்று சும்மா இருந்தேன். அவர் விடவில்லை. சங்கவிக்கு இடது கன்னத்தில், காதோரமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு மச்சம் பிறந்ததிலிருந்தே உண்டு. அது எந்தப் படத்திலும் இல்லை. மகனுடைய போன், சம்பந்தி வீட்டுப் போன், சொந்தக்காரர்கள் போன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் படங்களில் வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கல்யாண ஆல்பத்தில்கூடக் கன்னம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. ஆறு வயசுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். அவள் தினமும் அம்மாவின் மச்சத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் தூங்குவாளாம். இப்போது போனை வைத்துக்கொண்டு படத்தில் விரலால் தேடுகிறாளாம்.

"பதனாறாம் நாளு நான் தொறக்கற படத்துல அந்த மச்சம் இருக்கோணும். இல்லீன்னா படமே வேண்டாம், வெறும் பலகைக்கு மாலை போட்டுக்கறேன். போன்ல இருக்கறதும் போட்டோதானுங்களே, அதுல எப்படித் தம்பி இல்லாமப் போகும்?"

இந்தக் கேள்வியை ஊரில் ஒருவராவது கேட்க மாட்டாரா என்று பத்து வருடமாகக் காத்திருந்தவன் நான். கொஞ்சம் உற்சாகமாகவே சொல்ல ஆரம்பித்தேன், வெட்கக்கேடு.

"அது போட்டோ இல்லீங்கக்கா. இப்பெல்லாம் படம் எங்கயும் போறதில்லை. சங்கவி நிக்குது, பச்சைச் சேலை, சிரிக்குதுன்னு நாலு வரிதான் போகும். முகக் கிடங்குல ஒவ்வொருத்தருக்கும் ஒரு மூஞ்சி பதிஞ்சு வெச்சிருக்கும். அதை எடுத்து உங்க போன் வரைஞ்சுக்கும். வயசுக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கும்."

"அப்ப எங்கூட்டுல இத்தன வருசமா எடுத்ததெல்லாம்?"

"வரைஞ்சதுதானுங்க. எடுத்த நிஜப் படம் தொண்ணூறு நாள்ல தானா அழிஞ்சிரும். இடம் பத்தாதில்லீங்களா. வேணும்னா நிரந்தரமா வெச்சுக்கலாம், பெட்டியைத் திறந்து ஒரு டிக் போடணும். யாரு போடறாங்க?"

அவர் போனைத் திருப்பி மேசைமேல் வைத்தார். கிடங்கில் இந்த முகத்தை வைத்தது யார் என்று கேட்டார். ஆள் என்று யாரும் கிடையாது, இயந்திரம் தானாகச் செய்வது என்று சொன்னேன். அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னேன்.

பிறகுதான் உட்கார்ந்தார். கேட்காமலே மீதியையும் சொன்னார். ஒன்றரை வருடத்துக்கு முன் அந்த மச்சம் அரிக்க ஆரம்பித்தது. ஓரம் கோணலாகப் பரவியது, ஒரு நாள் தலையணையில் ரத்தம் இருந்தது. இப்போது எந்த ஊர் சுகாதார நிலையத்திலும் டாக்டர் கிடையாது, திரைதான் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்தால் எங்கேயோ இருக்கும் டாக்டர் பார்ப்பார். அவர் எழுதிக் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் நேரில் காட்ட முடியும். சங்கவி மூன்று தடவை போய் உட்கார்ந்தாள். மூன்று தடவையும் டாக்டர் கன்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறதே என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது தடவை, மனதில் ஏதாவது கவலையா என்று விசாரித்தாராம். கட்டி கழுத்துக்கு இறங்கி வெளியே தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

எனக்கு அந்த டாக்டர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. டாக்டர்களுக்குத் துல்லியம் நூறு இலவசம். பெட்டியைத் திறந்து ஒரே ஒரு விரலால் தள்ளினால் போதும். அதைச் செய்யாமல் ஊர் ஜனங்கள் கல்யாணப் படம் பார்க்கிற அமைப்பிலேயே உட்கார்ந்து வைத்தியம் பார்த்திருக்கிறார் மகானுபாவர். எதிரில் ஒருத்தி மச்சம் இருக்கிறது, ரத்தம் வருகிறது என்று வாயால் சொல்கிறாள், அதையும் நம்பவில்லை. படித்த முட்டாளுக்கு நிகரான முட்டாள் கிடையாது என்று கலாமணியக்காவிடமே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கே மச்சம் தெரிந்துவிட்டதா என்று ஏனோ கேட்டேன்.

"தெரியாம இருக்குமுங்களா. போட்டோவுல இல்லாதது நேர்ல இருந்துச்சு. எம்பையன் எம்மூஞ்சியப் பாத்தான். பேசாம காப்பியக் குடிடான்னேன். மச்சத்துல என்னங்க இருக்குது? அந்தப் புள்ள, கூச்சமில்லாம என்ற கண்ணப் பாத்து வாங்கத்தைன்னு கூப்பிட்டுது. எனக்கு அது போதும்" என்றார். பிறகு அவரே, "போன்ல அது தெரியாததப் பாத்துட்டு, போனுக்கு எம்மேல பாசம் அத்தைன்னு சொல்லிச் சிரிக்கும்" என்றார்.

வீட்டுக்காரர்கள் கேட்டால் இறந்தவருடைய கிடங்குப் பதிவைப் பார்க்கலாம். சங்கவியின் புருஷன் நவநீதனிடம் சம்மதம் வாங்கி அனுப்பச் சொன்னேன். மச்சத்தோடு படம் கிடைக்கும், நான் பொறுப்பு என்றும் சொன்னேன். ஏனென்றால் பெண் பார்க்கும் படலத்துக்கு அந்தப் பெண்ணைப் படம் எடுத்தவனே நான்தான், பத்து வருடத்துக்கு முன்னால். எடுத்த எந்த மூலப் படத்தையும் நான் அழிப்பதில்லை. வட்டுகளில் போட்டு, தேதி எழுதி, பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஊரே தொலைத்தாலும் நான் தொலைக்க மாட்டேன் என்ற திமிர் எனக்குண்டு.

சம்மதம் அன்று மதியமே வந்தது. பதிவைத் திறந்தேன். முதலில் டாக்டரைத்தான் தேடினேன், எந்த அமைப்பில் பார்த்தார் என்று எழுதி, நாலு பேரிடம் காட்டி நாறடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில். மூன்று தேதிகளும் இருந்தன. மூன்றிலும் துல்லியம் நூறு என்றுதான் இருந்தது.

டாக்டர் சரியாகத்தான் வைத்திருந்தார்.

நூறில் வைத்தும் மச்சம் எப்படித் தெரியாமல் போனது என்று புரியாமல் மேலே போனேன். பட்டியலின் தலைப்பில், பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியில், ஒரு வரி இருந்தது. நிரந்தர முகம், துல்லியம் முப்பத்தெட்டு, பதிந்தவர் பூபதி, ஒளிமதி ஸ்டுடியோ, தாராபுரம்.

எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி படித்தேன். அதே வரிதான்.

ஞாபகம் வந்துவிட்டது. முகக் கிடங்கு வந்த புதிது. சங்கவியின் அப்பா தங்கராசும் தரகர் சாமியப்பனும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாமியப்பனுக்குப் பதினொரு படம் வேண்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொரு படத்தையும் முப்பத்தெட்டில் அனுப்பும்போது, 'இந்த முகம் கேமராவில் உள்ள முகத்தோடு ஒத்துப்போகவில்லை, எதை வைக்கட்டும்' என்று பெட்டி ஒரு கேள்வி கேட்டது. மூன்று தடவை பொறுமையாகப் பதில் சொன்னேன். நாலாவது தடவை எரிச்சல் வந்துவிட்டது, டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. கீழே 'இந்த முகத்தையே நிரந்தரமாக வை' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டேன். அதற்கப்புறம் அது கேட்கவில்லை.

பழைய கையேடு கணினியில் இன்னும் இருந்தது. அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடித்தேன். அதன் கீழே பொடி எழுத்தில் இரண்டாவது வரி ஒன்று உண்டு. 'துல்லியம் நூறிலும், எல்லாக் கேமராக்களிலும் இதுவே பொருந்தும். மாற்ற விரும்பினால் உரியவர் நேரில் வர வேண்டும்.' ஊரில் ஒரு பயல் படிப்பதில்லை என்று இருபத்தைந்து வருடம் ஏசிக்கொண்டிருந்தவன் படிக்காமல் விட்ட வரி அது. டாக்டர் எவ்வளவுதான் பெரிதாக்கிப் பார்த்தாலும் நான் பதிந்து வைத்த கன்னத்தைத்தான் பார்த்திருப்பார். அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று அவரை நம்பவைத்தது என் டிக்தான். முகத்தைக் கழுவப் போனவன் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் தங்கராசு வந்தார். மகளைப் பறிகொடுத்தவர், பத்து வயது கூடியவர்போல் இருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் கேட்டது அப்படி. சம்பந்தியம்மா மச்சத்தோடு படம் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். சின்ன மகள் தாரணிக்கு இரண்டு இடத்தில் பேச்சு நடக்கிறது. படத்திறப்புக்கு அவர்களும் வருவார்கள். மேடையில் அத்தனை பெரிய படத்தில் மச்சம் தெரிந்தால், அதுதான் புற்றாக மாறியது என்று தெரிந்தால், பரம்பரை வியாதி என்று பேச்சு போய்விடும்.

"பழையபடி முப்பத்தெட்டுலயே போட்டுக் குடுத்துருங்க தம்பி. அழிக்கச் சொல்லலை. அழிச்சாத்தானுங்க பொய்யி" என்றார்.

நான் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். செத்தும் அந்தப் பெண்ணுக்குச் சொந்த முகத்தைக் கொடுக்க மாட்டீர்களா, கல்யாணத்துக்கு ஒரு முகம், கருமாதிக்கு ஒரு முகமா, பெற்றவர்தானே நீங்கள் என்றெல்லாம் கேட்டேன். பேசப் பேச எனக்குத் தெம்பு வந்தது. பழியைத் தூக்கி வைக்க ஒரு தலை கிடைத்த தெம்பு அது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் மச்சத்தோட போட்டோ எடுக்கத்தான் தம்பி அன்னைக்கு வந்தேன்" என்றார் கடைசியில். "முப்பத்தெட்டுன்னு ஒண்ணு இருக்குது, அதுல போட்டாப் போயிரும்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் எழுந்து போனார்.

படத்திறப்புக்கு இரண்டு நாள் முன்பு டப்பாவிலிருந்து வட்டை எடுத்து மூலப் படத்தைத் திறந்தேன். கிடங்கின் வழியாகப் போகாத படம். இருபத்துமூன்று வயது சங்கவி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் மச்சம். படம் எடுத்த அன்று, வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி திரும்பட்டுமா என்று அவள் கேட்டதும், வேண்டாம், நேராகவே பார், எப்படியும் போய்விடும் என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவள் சிரித்திருக்கிறாள். என்னை நம்பிச் சிரித்த சிரிப்பு அது.

அச்சுக்கு அனுப்பும் பெட்டி திறந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். அளவு, மூன்றடிக்கு நாலடி. துல்லியம், நூறு. மூலம், நேர்ப் படம். கடைசியில் விவர வரி. பொது இடத்தில் வைக்கும் படமென்றால், அந்த முகத்தைப் பற்றிக் கிடங்கில் உள்ள பதிவு முழுவதும் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகும், பதிந்தவர் பெயர் உட்பட. 'வீட்டு உபயோகம்' என்று ஒரு டிக் போட்டுவிட்டால் அந்த வரி வராது. மச்சம் இருக்கும், கலாமணியக்கா கேட்டது கிடைத்துவிடும், பேத்தி விரல் வைக்க இடம் இருக்கும். என் பெயர் மட்டும் இருக்காது. இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

டிக் போடவில்லை. வரியை அப்படியே விட்டேன். இதை என் நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படத்தின் ஓரத்தில் எறும்பு வரிசைபோல் போகிற எழுத்தை இந்த ஊரில் எவன் படிக்கப் போகிறான் என்ற தைரியத்தில்தான் விட்டேன். சொல்லியும் விட்ட மாதிரி இருக்கும், யாருக்கும் தெரியாமலும் போகும். முப்பத்தெட்டில் படம் வாங்கிப் போன ஒவ்வொரு அப்பனும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பதினாறாம் நாள் மண்டபத்தில் முந்நூறு பேருக்குக் குறையாது. மேடையில் படத்தை நிறுத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, பக்கத்தில் மைக் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் பேசினார்கள், சங்கவியை ஒரு தடவைகூட நேரில் பார்க்காதவர்கள் என்று கேட்டாலே தெரிந்தது. பிறகு கலாமணியக்கா துணியை இழுத்தார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். வழக்கப்படி எல்லோரும் போனைத் தூக்கிப் படத்தைப் படம் எடுத்தார்கள். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தார்கள். போனில் மச்சம் வரவில்லை. வராது. மாற்ற வேண்டுமானால் உரியவர் நேரில் வர வேண்டும், அவள் இனி எங்கே வருவது. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் போனைக் காட்டி, "இதுல எவ்வளவு லட்சணமா வருது பாருங்க. ஸ்டுடியோக்காரன்தான் பிரிண்டக் கெடுத்துப்போட்டான்" என்றார். நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கண்ணெதிரே இருக்கும் முகத்தை நம்பாமல் கையிலிருக்கும் முகத்தை நம்பும் கூட்டம். எழுந்து இவர்களை நாலு கேள்வி கேட்கலாமா என்று இருந்தது. அந்த நாலு கேள்விக்கும் பதில் என் பெயர்தான் என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

கலாமணியக்கா பேத்தியைத் தூக்கிப் படத்தின் பக்கத்தில் காட்டினார். அவள் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விரலை நீட்டி, தேடாமல், நேராக மச்சத்தில் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. நல்ல காரியம் செய்தோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், வெட்கமில்லாமல்.

குழந்தையை இறக்கிவிட்டு அவர் குனிந்து படத்தின் அடியோரத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முந்நூறு பேரில் அவர் ஒருவர்தான் பார்த்தார். பிறகு திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கையசைத்துக் கூப்பிட்டார்.

மேடை ஏறினேன்.

"கண்ணாடிய ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டனுங்க. இங்க என்னமோ எழுதியிருக்குது, ஆரோ பேரு மாதிரி தெரியுது. படிங்க தம்பி" என்றார்.

அளவு விவரம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவருடைய கை படத்தில் மச்சத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி படித்தேன். சங்கவி. நேர்ப் படம். துல்லியம் நூறு. கிடங்கில் நிரந்தர முகம், துல்லியம் முப்பத்தெட்டு. பதிந்தவர் பூபதி, ஒளிமதி ஸ்டுடியோ, தாராபுரம்.

"நெரந்தரம்னா?"

"டாக்டர் மூணு தடவையும் பாத்தது அந்த மூஞ்சியத்தானுங்கக்கா. நேர்ல இருந்த மூஞ்சி அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். "மிசினு தானாப் பண்றதுன்னு சொன்னீங்க" என்றார்.

"நாந்தானுங்க பண்ணினேன். அன்னைக்குத் தெரியாமச் சொன்னேன். தெரிஞ்சதுக்கப்புறமும் உங்ககிட்டச் சொல்லலை."

அவர் அழவில்லை, திட்டவில்லை. கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்த மைக்கைக் கம்பியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இன்னொருக்கா படிங்க. எல்லாத்துக்கும் கேக்கட்டும்."

மைக்கை வாங்கிக் கூட்டத்தைப் பார்த்தேன். கன்னம் துடைத்த சங்கவிகளைக் கையில் வைத்துக்கொண்டு முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதி வீட்டுக்கு முப்பத்தெட்டில் போட்டுக் கொடுத்தவன் நான். எத்தனை பேருக்கு நிரந்தர டிக் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

படித்தேன். தேதியில் ஆரம்பித்து என் பெயர் வரைக்கும், கையேட்டில் பொடி எழுத்தில் இருந்த அந்த இரண்டாவது வரியையும் ஞாபகத்திலிருந்து சேர்த்து. கீழே ஒவ்வொருவராகப் போனைத் தாழ்த்திவிட்டு, பக்கத்திலிருக்கும் தங்கள் பெண்டு பிள்ளைகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு செட்டிங்கை இந்த ஊர் கடைசி வரிவரைக்கும் கேட்டது அன்றைக்குத்தான்.